ஆளுக்கொரு பத்தி: வாட்ஸ்அப் குழுவில் சங்கிலிக்கதை நடத்த முழுமையான வழிகாட்டி

ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் எழுதும் சங்கிலிக்கதை பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் கற்பனை வற்றிப்போவதால் அல்ல. ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடத்தில்தான் சங்கிலி அறுகிறது. யார் முறை என்று தெரியாது, கடைசிப் பத்தி எங்கே கிடக்கிறது என்று தெரியாது, கிடைத்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு நூல்நுனி மிச்சம் இருக்காது. அதனால் கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் கைமாற்றத்தைப் பற்றியவை.

இங்கே எடுத்துக்கொள்ளும் கணக்கு: 6 பேர், 3 சுற்று, 18 பத்தி, ஒரு பத்திக்கு 80 முதல் 150 சொல். மூன்று வாரத்தில் சுமார் 2,000 சொல்லில் ஒரு சிறுகதை கையில் இருக்கும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஆட்கள் 5 முதல் 7 பேர். நான்கு பேருக்குக் குறைந்தால் முறை சீக்கிரம் திரும்பி வந்து அலுத்துவிடும். எட்டைத் தாண்டினால் ஒருவர் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருப்பார். முறை வரும்போது கதையே மறந்திருக்கும்.

ஒரு கட்டியக்காரர். கூத்தில் கட்டியக்காரன் வந்து அடுத்து வருபவரை அறிவித்து, நடுவில் தொய்வு விழுந்தால் இழுத்துப் பிடிப்பது போல, இங்கேயும் ஒருவர் வேண்டும். அவரும் ஆறு பேரில் ஒருவராக எழுதலாம். ஆனால் முறையை அறிவிப்பது, நேரம் பார்ப்பது, பிரதி எடுப்பது மூன்றும் அவர் ஒருவர் பொறுப்பு. இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒவ்வொருவரும் மற்றவர் செய்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள்.

இரண்டு குழுக்கள். ஒன்றில் கதை மட்டும். இன்னொன்று பேச்சுக் குழு; அதில் பாராட்டு, கேலி, ‘இன்னும் பத்து நிமிஷம் கொடுங்க’ எல்லாம். ஒரே குழுவில் நடத்தினால் ஏழாம் பத்திக்கும் எட்டாம் பத்திக்கும் நடுவே நாற்பது ஸ்டிக்கர் கிடக்கும். கதைக் குழுவில் மறையும் செய்திகள் வசதி அணைந்திருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். 7 நாளில் அழியும்படி யாரோ வைத்திருந்தால், இரண்டாம் சுற்று வரும்போது முதல் சுற்று காணாமல் போயிருக்கும்.

ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பு. கட்டியக்காரருக்கு மட்டும் திருத்தும் உரிமை. மற்றவர்களுக்குக் கருத்திடும் உரிமை போதும்.

எழுத்துரு விஷயம் சின்னதாகத் தெரியும், சின்னதல்ல. கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர் அதை அப்படியே ஒட்டினால், மற்றவர் திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய பிறகே ஒட்டச் சொல்லுங்கள். குரல்வழித் தட்டச்சு செய்பவர்களிடம், நிறுத்தற்குறிகளைக் கையால் போட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

2. எந்த ஆட்டம் என்று முடிவு செய்தல்

மூன்று வகை உண்டு. கலந்து ஆடக் கூடாது, குறைந்தது முதல் கதையில்.

திறந்த சங்கிலி: எல்லோருக்கும் எல்லாம் தெரியும். முழுக் கதை வேண்டுமென்றால் இதுதான். அடுத்து வரும் படிகள் எல்லாம் இதற்கானவை.

மூடிய சங்கிலி: முந்தையவரின் கடைசி வாக்கியம் மட்டுமே அடுத்தவருக்குக் கிடைக்கும். ஒவ்வொருவரும் பத்தியைக் கட்டியக்காரருக்குத் தனியாக அனுப்ப, அவர் கடைசி வாக்கியத்தை மட்டும் வெட்டி அடுத்தவருக்குத் தருவார். தமிழில் இந்த ஆட்டத்துக்கு ஒரு தனி ருசி. எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நிற்கும். வினைமுற்று பாதியைக் காட்டிப் பாதியை மறைக்கும். ‘மெல்ல எழுந்து கதவைத் திறந்தது’ என்று ஒருவர் முடித்தால், அவர் எழுதியது குழந்தையா, பூனையா, பேயா என்று அடுத்தவருக்குத் தெரியாது. அங்கேதான் சிரிப்பு. கடைசி வாக்கியத்தில் பெயர் வரக் கூடாது, வினை அஃறிணையிலோ பன்மையிலோ முடிய வேண்டும் என்று விதி வைத்துப் பாருங்கள். புதிய குழு ஒன்றைப் பழக்க இதில் ஒரு சுற்று போதும், ஒரே மாலையில் முடிந்துவிடும்.

அந்தாதிச் சங்கிலி: ஒரு பத்தியின் கடைசிச் சொல்லே அடுத்த பத்தியின் முதல் சொல். இதில் புதியவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். தமிழ் வாக்கியம் இயல்பாக வினையில் முடியும். ‘போனாள்’ என்று முடித்துவிட்டால், ‘போனாள்’ என்று தொடங்க அடுத்தவர் தவிப்பார். வாக்கியத்தைப் புரட்டிப் பெயர்ச்சொல்லில் முடிக்கச் சொல்லுங்கள்: ‘அவள் கையில் இருந்தது அதே சாவி.’ அடுத்தவர் ‘சாவி துருப்பிடித்திருந்தது’ என்று சிரமமின்றித் தொடங்கலாம்.

3. கதை அட்டை

முதல் வரி எழுதும் முன் ஏழு வரியில் ஓர் அட்டை. ஆறு பேரும் ஒப்புக்கொண்ட பிறகு கதைக் குழுவில் மேலே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்யுங்கள். மாதிரிக்கு ஒன்று:

இடம்: தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை.
காலம்: இப்போது, மழைக்காலம், ஒரே இரவு.
ஆட்கள்: கடையில் வேலை செய்யும் மலர்; கடைக்காரர் சுந்தரம்; பத்திரத்தை மறந்துவிட்டுப் போன பெரியவர்.
சொல்பவர்: படர்க்கை. மலர் பார்ப்பதும் கேட்பதும் மட்டுமே கதையில் வரும்.
நடை: இறந்தகாலம். விவரிப்பு எழுத்து வழக்கில், உரையாடல் பேச்சு வழக்கில். மலர் ‘அவள்’, மற்ற இருவரும் ‘அவர்’.
கூடாதவை: கனவு என்று முடிப்பது, இரண்டாம் சுற்றுக்குப் பிறகு புதுப் பாத்திரம், முதல் இரண்டு சுற்றுகளில் சாவு.
பெயர்: முடிந்த கதையை வெளியிட்டால் ஆறு பெயரும் அகரவரிசையில்.

ஐந்தாவது வரிதான் அதிகம் தவறவிடப்படுவது. கதையோட்டத்தை மணிக்கணக்கில் பேசுவார்கள், ‘அவன்’ என்பதா ‘அவர்’ என்பதா என்று பேசமாட்டார்கள். மூன்றாம் பத்தியில் சுந்தரம் ‘வந்தார்’, நான்காம் பத்தியில் ‘வந்தான்’ என்றால், மலருக்கு அவர் மேல் கோபம் வந்துவிட்டதாக வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். தமிழில் விகுதி மாறுவதே ஒரு சம்பவம். காலமும் அப்படித்தான்: ஒருவர் ‘பார்த்தாள்’ என்று எழுத, அடுத்தவர் ‘பார்க்கிறாள்’ என்று தொடங்கினால், பின்னால் திருத்தும்போது பத்தி முழுக்க எல்லா வினையையும் மாற்ற வேண்டிவரும்.

பேச்சு வழக்கு எந்த ஊருடையது என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். நெல்லைக்காரர், கோவைக்காரர், யாழ்ப்பாணத்தவர் மூவரும் ஒரே குழுவில் இருந்தால் மலர் ஒரு பத்தியில் ‘வாங்க’ என்பாள், இன்னொன்றில் ‘வாங்கோ’ என்பாள். எளிய வழி: ஆளுக்கொரு பாத்திரத்தின் பேச்சைப் பங்கிடுங்கள். பெரியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்று வைத்தால், அவர் பேச்சை யார் எழுதினாலும் யாழ்ப்பாணத்து உறுப்பினர் ஒரு முறை பார்த்துத் திருத்தித் தருவார்.

4. வரிசையும் கடிகாரமும்

ஒரு முறைக்கு 24 மணி நேரம். இரண்டு நாள் கொடுத்தாலும் கடைசி மூன்று மணி நேரத்தில்தான் எழுதுவார்கள். நடுவே மற்ற ஐந்து பேருக்கும் சூடு ஆறிப்போகும்.

நேரம் முடிந்தால் கேள்வி இல்லாமல் தாண்டல். தாண்டப்பட்டவர் அந்தச் சுற்றின் கடைசிக்குப் போவார், அவ்வளவுதான். இது தண்டனை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாண்டல் விதி இல்லாத குழுவில் யாரும் நண்பரை நெருக்க மாட்டார்கள். மரியாதைக்காகக் காத்திருந்து காத்திருந்தே கதை செத்துப்போகும்.

கெடு நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். இந்திய, இலங்கை நேரம் இரவு 9 மணி நல்ல தேர்வு. அப்போது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 11:30. லண்டனில் கோடையில் மாலை 4:30, குளிர்காலத்தில் 3:30. டொராண்டோவில் கோடையில் காலை 11:30, குளிர்காலத்தில் 10:30. யாருக்கும் நடுநிசி இல்லை. ‘நாளைக்குள்’ என்று மட்டும் அறிவிக்காதீர்கள். டொராண்டோவின் நாளையும் சிங்கப்பூரின் நாளையும் வேறு வேறு.

மூன்று சுற்றுக்கும் ஒரே வரிசை வைக்காதீர்கள். வைத்தால் இரண்டாமவர் போடும் முடிச்சை எப்போதும் மூன்றாமவரே அவிழ்க்க வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் மனத்தாங்கலும் வரும். எழுத்தாளர்களுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுத்துவிட்டு இப்படி வையுங்கள்: முதல் சுற்று 1-2-3-4-5-6, இரண்டாவது 3-1-5-2-6-4, மூன்றாவது 2-5-3-6-1-4. ஒருவர் பின்னால் ஒருவர் என்ற ஜோடி எதுவும் இதில் திரும்ப வராது.

ஒரு வாட்ஸ்அப் குழுவில் மூன்று செய்திகளைப் பின் செய்யலாம். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று காலம் தேர்ந்தெடுக்கலாம். கதை அட்டைக்கும் வரிசைக்கும் 30 நாள், ‘இன்று யார் முறை’ என்ற அறிவிப்புக்கு 24 மணி நேரம்.

5. முதல் பத்தி

கட்டியக்காரரே எழுதட்டும். ஆள், இடம், ஒரு கேள்வி மூன்றும் 80 சொல்லுக்குள் வந்துவிட வேண்டும். பூர்வகதை வேண்டாம், அது பின்னால் வருபவர்களுக்கான தீனி.

‘மலர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மெஷினை அணைக்கப் போனாள். மூடிக்கு அடியில் ஒரு தாள் வெளுப்பாகத் தெரிந்தது. பழைய கிரயப் பத்திரம். காலையில் வந்த பெரியவருடையது. நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று மேசையில் வைத்தவள், எழுதிக்கொடுத்தவர் பெயரைப் பார்த்ததும் ஷட்டரை முழுக்க இறக்கினாள்.’

யார் பெயர் என்று சொல்லாமல் நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள். முதல் பத்தி எழுதுபவருக்கு அந்த விடை தெரிந்திருக்கவே கூடாது. தெரிந்தால், இரண்டாமவர் வேறொன்று எழுதியதும் ‘நான் நினைத்தது அதில்லையே’ என்று பேச்சுக் குழுவில் தொடங்கிவிடுவார்.

6. தன் முறையில் எழுதுவது

ஒவ்வொரு பத்தியும் மூன்று வேலை செய்ய வேண்டும். முந்தைய பத்தியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும்; ஒன்று நடக்க வேண்டும்; ஒன்று திறந்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம். நன்றாக எழுதுபவர்களே இதில் அதிகம் தவறுகிறார்கள், ஏனென்றால் நல்ல பத்தி என்றால் நன்றாக முடிய வேண்டும் என்று பழகியவர்கள்.

கெட்ட கைமாற்றம்: ‘அது அவளுடைய அப்பாவின் பெயர். அவர் ஏமாற்றப்பட்டிருக்கிறார் என்று புரிந்தது. பத்திரத்தைக் கிழித்துத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.’

மூன்று வாக்கியம், மூன்று கதவும் அடைப்பு. மர்மம் விளங்கிவிட்டது, பொருள் அழிந்துவிட்டது, ஆள் இடத்தை விட்டே போய்விட்டாள். மூன்றாமவர் என்னதான் செய்வார்?

நல்ல கைமாற்றம்: ‘அப்பாவின் பெயர். ஆனால் கீழே இருந்த கையெழுத்து அப்பாவுடையது இல்லை. அவர் ‘ரா’வுக்குக் கால் போடும்போது கை நடுங்கும். இந்தக் கோடு நேராக இருந்தது. ஷட்டரை யாரோ இரண்டு முறை தட்டினார்கள்.’

இதில் ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது, அந்த விடையே இன்னொரு கேள்வியைப் போட்டது. தட்டுபவர் யார் என்பது அடுத்தவர் உரிமை.

முந்தையவர் எழுதியதை ரத்து செய்வது தனிக் குற்றம். ‘உண்மையில் யாரும் தட்டவில்லை, காற்றுதான்’ என்று தொடங்கினால் ஒருவரின் ஒரு நாள் உழைப்பு வீண். பிடிக்காத திருப்பம் வந்தால் மறுக்காமல் மேலே ஒன்றைச் சேர்த்துத் திசை மாற்றுங்கள்: தட்டியவர் வந்த வேலை வேறு என்று வைக்கலாம்.

பத்தி நீளக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. நீளமான செய்தியை வாட்ஸ்அப் மடித்து, ‘மேலும் படிக்க’ என்று நிறுத்திவிடும். பேருந்தில் நின்றுகொண்டு படிப்பவர் அதைத் தட்ட மாட்டார். கடைசி வரி அவர் கண்ணில் படாது. கைமாற்றம் இருப்பதோ அந்தக் கடைசி வரியில்.

தலைப்பில் எண் போடுங்கள்: 7/18. முடிவில் ‘அடுத்து’ என்று எழுதி @ குறியோடு அடுத்தவர் பெயர். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். அதற்குப் பிறகு வாட்ஸ்அப் விடாது. எனவே அடுத்தவர் முதல் 15 நிமிடம் எழுதத் தொடங்காமல் இருக்கட்டும். அவர் பிடித்துக்கொண்ட வரியே மாறிவிடக்கூடும்.

7. தினசரித் தொகுப்பு

ஒவ்வொரு பத்தியும் வந்த அன்றே டாக்ஸ் கோப்புக்குப் போக வேண்டும். செய்திகளை ஒவ்வொன்றாகப் பிரதி எடுங்கள். பலவற்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் தேதியும் நேரமும் அனுப்பியவர் பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். தடித்த எழுத்துக்காக யாராவது இட்ட நட்சத்திரக் குறிகளும் கோப்பில் அப்படியே கிடக்கும், நீக்கிவிடுங்கள்.

கோப்பின் அடியில் ஒரு தகவல் பட்டியல் வளரட்டும்: யாருக்கு என்ன வயது, பத்திரத்தில் என்ன ஆண்டு, கடையில் எத்தனை கதவு, மணி இப்போது என்ன. ‘ஒரே இரவு’ என்று அட்டையில் எழுதிவிட்டு, நாலாம் பத்தியில் மணி எட்டு, பதினொன்றாம் பத்தியில் மணி ஏழரை என்று வருவது வாடிக்கை.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் டாக்ஸின் பதிப்பு வரலாற்றில் (Version history) அந்த நிலைக்கு ஒரு பெயர் சூட்டுங்கள். தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால் திரும்பப் போக ஓர் இடம் இருக்கும்.

8. வாசகர் வாக்கு

எழுதாத நண்பர்களும் கதைக் குழுவில் வாசகராக இருந்தால், முதல் சுற்றின் முடிவிலும் இரண்டாம் சுற்றின் முடிவிலும் ஒரு வாக்கெடுப்பு. வாட்ஸ்அப் 12 விருப்பம் வரை விடும். நீங்கள் மூன்றோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் வாக்கு சிதறி, இரண்டு வாக்கு வாங்கியது வென்றுவிடும். பல விடை தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி செயலைப் பற்றியதாக இருக்கட்டும். ‘மலர் கதவைத் திறக்கிறாளா, சுந்தரத்துக்கு போன் செய்கிறாளா, பின்வாசலால் போகிறாளா?’ என்று கேளுங்கள். ‘பெரியவர் நல்லவரா?’ என்று கேட்டால் எழுதுபவரின் கையைக் கட்டிவிடுவீர்கள். வாக்கில் தோற்ற இரண்டு வழிகளையும் தூக்கி எறியாமல் கோப்பில் ஓரமாக வையுங்கள். 11ஆம் படியில் வேலை இருக்கிறது.

9. முடிவுக்கு இறக்குதல்

பன்னிரண்டாம் பத்தி வந்ததும் நிறுத்தி, இதுவரை திறந்திருக்கும் கேள்விகளை எல்லாம் எழுதுங்கள். பத்துக்கு மேல் இருக்கும். அதில் மூன்றைப் பேச்சுக் குழுவில் தேர்ந்தெடுங்கள். விடை கிடைக்கப்போவது அவற்றுக்கு மட்டும். மிச்சத்தைத் திருத்தும்போது வெட்டலாம். எல்லா முடிச்சையும் அவிழ்க்கப் போனால் கடைசி ஆறு பத்தியும் விசாரணை அறிக்கை போல ஆகிவிடும்.

13க்குப் பிறகு புதுக் கேள்வி கூடாது. 17 வரை ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். 18ஐ எழுதுபவருக்கு மட்டும் 48 மணி நேரம் கொடுங்கள், அவர் முழுக் கோப்பையும் படித்துவிட்டு எழுத வேண்டும்.

இடையில் கதை நின்றுவிட்டால், அடுத்தவருக்கு ‘ஏதாவது எழுதுங்கள்’ என்று சொல்லாமல் ஒரு பொருளைக் கொடுங்கள்: ஒரு நனைந்த குடை, ஒரு தவறிய அழைப்பு, ஸ்டேப்ளர் பின் இரண்டாவது முறை குத்தப்பட்ட தடம். சின்னப் பொருள் கையில் வந்தால் எழுத வராதவர் குறைவு.

10. ஒட்டுத் தெரியாமல் தைத்தல்

செம்மையாக்கம் ஒருவர் வேலை. ஆறு பேர் சேர்ந்து திருத்தினால் அது முடியவே முடியாது. மூன்று முறை படிக்க வேண்டும். முதல் முறை காலமும் விகுதியும் மட்டும். இரண்டாம் முறை தகவல் பட்டியலோடு ஒப்பிடுதல். மூன்றாம் முறை பத்திகளின் மூட்டுகள் மட்டும்: ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியமும் அடுத்ததன் முதல் வாக்கியமும். சங்கிலிக்கதையில் எல்லோரும் முந்தையவர் சொன்னதை ஒரு வரியில் திருப்பிச் சொல்லித்தான் தொடங்குவார்கள். தினம் ஒன்றாகப் படிக்கும்போது அது உதவி; சேர்த்துப் படிக்கும்போது திக்குவாய். பெரும்பாலும் அந்த வரிகளை அழித்தாலே பாதி வேலை முடியும்.

ஆறு பேர் நடையையும் ஒன்றாக்க முயலாதீர்கள். ஒருவர் வாக்கியம் நீளம், ஒருவர் வாக்கியம் குட்டை என்பது கதையைக் கெடுக்காது. திருத்தங்களைப் பரிந்துரை முறையில் வைத்து, எழுதியவர் மறுக்க இரண்டு நாள் கொடுங்கள். ஒரு பத்தியை முழுவதும் நீக்குவதென்றால் அவர் சம்மதம் இல்லாமல் கூடாது.

11. தோற்ற வழிகளைக் கிளைக்கதை ஆக்குதல்

வாக்கில் தோற்றவற்றை வைத்து, வாசகர் தானே வழி தேர்ந்தெடுக்கும் கதையாக மாற்றலாம். ட்வைன் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். உலாவியிலேயே இயங்கும், நிரல் தெரிய வேண்டாம். ஒவ்வொரு பத்தியும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் இரட்டைச் சதுர அடைப்பில் எழுதினால் அது இணைப்பு:

[[கதவைத் திற->பெரியவர்]]
[[பின்வாசலால் போ->சந்து]]

இடப்பக்கம் வாசகர் பார்ப்பது, வலப்பக்கம் போய்ச் சேரும் பெட்டியின் பெயர். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ட்வைன் புதிதாக ஒரு வெற்றுப் பெட்டியை உண்டாக்கிவிடும். தமிழில் இதில் ஒரு கண்ணுக்குத் தெரியாத பள்ளம். ‘கொ’, ‘கோ’ போன்றவற்றின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. இருவர் இரு விசைப்பலகையில் ‘கோயில்’ என்று எழுதினால் இணைப்பு அறுந்துவிடலாம். பெட்டிப் பெயர்களில் ஒகர, ஓகார, ஔகார எழுத்துகளைத் தவிர்த்துவிடுங்கள்: ‘சந்து’, ‘கடை’, ‘மழை’ போல.

கிளைகளை விரித்துக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு வழி என்று ஐந்து முறை பிரிந்தால் 32 முடிவு, மொத்தம் 63 பெட்டி. ஆறு பேரால் எழுதி முடியாது. பிரிந்த வழிகள் இரண்டு பெட்டிக்குள் மீண்டும் முதன்மைக் கதையில் வந்து சேரட்டும். மலர் எந்த வாசலால் போனாலும் கடைசியில் பெரியவரைச் சந்திக்கத்தான் வேண்டும். கையில் பத்திரம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் மாறும்.

உலாவியில் எழுதும்போது ட்வைன் கதையை அந்த உலாவிக்குள்ளேயே சேமிக்கிறது. வரலாற்றையும் தளத் தரவையும் துடைத்தால் கதையும் போய்விடும். இன்னொருவர் கணினியில் திறந்தால் எதுவும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் கோப்பாக வெளியிட்டுப் பேச்சுக் குழுவில் போட்டுவிடுங்கள். மறுநாள் எழுதுபவர் அந்தக் கோப்பைத் தன் ட்வைனில் இறக்கிக்கொண்டு தொடரலாம். ஒரு நாளில் ஒருவர் கையில் மட்டுமே கோப்பு இருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நாளில் திருத்தினால் இரண்டையும் ஒன்றாக்க ட்வைனில் வழி இல்லை. கைமாற்ற விதி இங்கேயும் அதேதான்: பெயர் போட்டு, எண் போட்டு, அடுத்தவரிடம் கொடுத்த பிறகு தொடாதீர்கள்.